உயரத்துக்கும் திணை உண்டு

பிக்கப் வண்டிக்காரர்கள் லிஃப்ட் கிட் பற்றிப் பேச ஆரம்பித்தால் முதலில் வரும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: “எத்தனை இன்ச்?” அமெரிக்க விலைப்பட்டியல்களும் அப்படித்தான் அடுக்கப்பட்டிருக்கும். இரண்டு இன்ச், நாலு இன்ச், ஆறு இன்ச். சட்டைக்கு அளவு பார்ப்பதுபோல. ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், சில இரும்புத் தாங்கிகள், ஒரு பை நிறைய போல்ட்டு. பெட்டியைப் பிரித்தால் இவ்வளவுதான் இருக்கும். வண்டியின் உடலைச் சக்கரங்களிலிருந்து கொஞ்சம் மேலே தூக்கி நிறுத்துவது இவற்றின் வேலை.

இந்த இன்ச் கணக்கில் ஒரு சின்ன வில்லங்கம் இருக்கிறது. பிக்கப் ஒன்றின் பின்பக்கம் குனிந்து பாருங்கள். இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஆக்சிலின் நடுவே ஒரு இரும்பு உருண்டை தொங்கும். அமெரிக்க மெக்கானிக்குகள் அதைப் பூசணிக்காய் என்றே சொல்கிறார்கள். டிஃபரன்ஷியல் அதற்குள் இருக்கிறது. வண்டியின் ஆகத் தாழ்ந்த இடங்களில் ஒன்று அது. பாறை முதலில் தட்டுவது அதில்தான். ஆறு இன்ச் கிட் மாட்டிய பிறகு அந்த உருண்டை எவ்வளவு உயர்ந்திருக்கும்? ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஸ்பிரிங்குக்கு மேலே இருப்பதுதான் உயரும். ஆக்சில் சக்கரத்தோடு அங்கேயே கிடக்கும்.

அதை உயர்த்த எளிய வழி பெரிய டயர். விட்டம் நாலு இன்ச் கூடினால் ஆக்சில் இரண்டு இன்ச் மேலே வரும். அந்தப் பெரிய டயர் மட்கார்டில் உரசாமல் திரும்பவும் குதிக்கவும் இடம் வேண்டும். கிட் அந்த இடத்தைத் தருகிறது. வண்டியின் வயிறும் முன்பின் முனைகளும் மேடுகளில் தட்டாமல் தப்புவது இன்னொரு லாபம். இரண்டுமே நிஜமான லாபங்கள்தான். ஆனால் ‘எத்தனை இன்ச்’ என்ற ஒற்றை எண்ணில் அடங்குகிறவை இல்லை.

அப்படியானால் இந்த எண் ஏன் இவ்வளவு முக்கியமாயிற்று? பதில் பொறியியலைவிட வரலாற்றில் தெளிவாகக் கிடைக்கிறது. வண்டியை உயர்த்தும் கலை ஒரே இடத்தில் பிறக்கவில்லை. பாலைவனம், சேற்று வயல், செம்மண், பனிப்பாறை என்று ஒவ்வொரு நிலமும் ஒவ்வொரு கேள்வி கேட்டது. நம் கவிதை இலக்கணத்தில் நிலமும் பொழுதும்தான் முதற்பொருள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. லிஃப்ட் கிட்டுகளையும் அப்படித்தான் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சாலைக்கு முந்தைய உயரம்

முதலில் ஒரு விஷயம். ஆரம்பத்தில் எல்லா வண்டியும் உயரம்தான். 1908இல் ஃபோர்டு மாடல் டி வந்தபோது அமெரிக்கக் கிராமப்புறங்களில் இருந்தவை குதிரை வண்டித் தடங்கள். மழை பெய்தால் சேறு, காய்ந்தால் பள்ளம். ஆகவே அந்தக் கார் உயரமான சக்கரங்களோடும், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று எனக் குறுக்காக வைத்த லீஃப் ஸ்பிரிங்குகளோடும் வந்தது. லாரிகளின் அடியில் அடுக்கடுக்காகத் தெரியுமே, வில் போல வளைந்த பட்டைகள், அதே சமாச்சாரம்தான். சாலைகள் சீராகச் சீராகக் கார்கள் தாழ்ந்தன. இன்று வண்டியை உயர்த்துவது ஒருவகையில் சாலை வருவதற்கு முந்தைய நிலைமைக்குத் திரும்புவது.

இரண்டாம் உலகப் போர் அந்தத் திரும்புதலைத் தொடங்கிவைத்தது. 1941 முதல் லட்சக்கணக்கில் செய்யப்பட்ட வில்லிஸ் ஜீப்பும், போர் முடிந்ததும் 1946இல் பொதுமக்களுக்கு வந்த டாட்ஜ் பவர் வேகன் பிக்கப்பும் நான்கு சக்கர இழுவையைப் பண்ணைகளுக்கும் காடுகளுக்கும் கொண்டுபோயின. ஜீப்பில் லீஃப் ஸ்பிரிங், ஆக்சிலுக்குக் கீழே கட்டப்பட்டிருக்கும். அதைக் கழற்றி ஆக்சிலுக்கு மேலே வைத்துக் கட்டினால் போதும், வண்டி பல இன்ச் உயர்ந்துவிடும். புது ஸ்பிரிங்கூட வேண்டாம். கிட் என்ற சொல் கடைக்கு வருவதற்கு முன்பே வெல்டிங் மிஷின் வைத்திருந்தவர்கள் இதைச் செய்தார்கள்.

செய்தவர்கள் பக்க விளைவுகளையும் கண்டார்கள். கியர்பாக்ஸிலிருந்து ஆக்சிலுக்குப் போகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் செங்குத்தாகச் சாய்ந்து அதிர்ந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் ஸ்பிரிங் ‘எஸ்’ வடிவத்தில் முறுக்கிக்கொண்டது. பிரேக் குழாய் எட்டவில்லை. ஸ்டியரிங் தண்டின் கோணம் கெட்டது. மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது பழகிய கதை. ஒரே ஒரு லைப்ரரியைப் புதுப்பிக்கிறோம் என்று போய், அதை நம்பியிருந்த பத்து விஷயங்களை ராத்திரி முழுக்க உட்கார்ந்து சரிசெய்வது.

பாஹா: வீச்சு

மெக்சிகோவின் வடமேற்கில் பாஹா கலிபோர்னியா தீபகற்பம் கடலுக்குள் ஒரு விரல் போல நீண்டு கிடக்கிறது. 1973 வரை அதன் நீளம் முழுக்கச் செல்லும் தார்ச்சாலை கிடையாது. கல், மணல், வறண்ட ஏரி, கள்ளிச்செடி. 1962இல் டேவ் எக்கின்ஸும் பில் ராபர்ட்சன் ஜூனியரும் ஹோண்டா மோட்டார்சைக்கிள்களில் டிஹுவானாவிலிருந்து லா பாஸ் போனார்கள். எக்கின்ஸுக்கு 39 மணி 56 நிமிடம் ஆனது. அதிலிருந்து அந்தத் தடம் கலிபோர்னியாக்காரர்களுக்கு ஒரு சவாலாகிவிட்டது.

1967 ஏப்ரலில் புரூஸ் மேயர்ஸும் டெட் மேங்கல்ஸும் எதிர்த்திசையில், லா பாஸிலிருந்து டிஹுவானாவுக்கு, 34 மணி 45 நிமிடத்தில் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் ஓட்டியது மேயர்ஸ் மேங்ஸ். ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் பாகங்களை ஃபைபர்கிளாஸ் தொட்டி ஒன்றில் பொருத்திச் செய்த பக்கி. அதே ஆண்டு அக்டோபர் 31இல் முதல் முறையான பந்தயம் தொடங்கியது. 1,300 கிலோமீட்டருக்கும் மேல். அதிலும் வென்றது மேங்ஸ்தான்: விக் வில்சனும் டெட் மேங்கல்ஸும், 27 மணி 38 நிமிடம்.

அந்த வண்டியில் நான்கு சக்கர இழுவை இல்லை. இரண்டு சக்கரம்தான் இழுக்கும். எடை குறைவு. நான்கு சக்கரமும் தனித்தனியாக மேலும் கீழும் போகும். கரடுமுரடான தரையில் வேகமாகப் போகிறவருக்கு உடல் எவ்வளவு மேலே இருக்கிறது என்பதைவிட, ஒரு பள்ளத்தில் சக்கரம் எவ்வளவு தூரம் இறங்கி, ஒரு கல்லில் எவ்வளவு தூரம் ஏறி, ஒவ்வொரு முறையும் தரையைத் தொட்டபடியே இருக்கிறது என்பதுதான் முக்கியம். இதைச் சக்கரத்தின் வீச்சு என்று சொல்லலாம். பின்னாளில் பாஹாவில் ஓடிய பந்தய டிரக்குகளில் முன்சக்கர வீச்சு இரண்டு அடியை எட்டியது. பின்சக்கரத்துக்கு அதற்கும் மேலே. அந்த வண்டிகள் உயரமாகத் தெரிவது வீச்சுக்கு இடம் விட்டதால். உயரம் அங்கே ஒரு மிச்சம்.

பந்தயத்துக்கு முன் தடத்தை ஓட்டிப் பார்க்கப் பயன்பட்ட டிரக்குகளுக்கு ப்ரீரன்னர் என்று பெயர். 1998இல் டொயோட்டா அந்தப் பெயரையே டகோமா பிக்கப்பின் ஒரு வகைக்கு வைத்தது. நான்கு சக்கர இழுவை வண்டியின் உயரம், ஆனால் இழுப்பது இரண்டே சக்கரம். பாலைவனத்தின் தோற்றம் ஷோரூமுக்கு வந்துவிட்டது.

மிசௌரி: கெத்து

அமெரிக்காவின் நடுவில் கதை வேறு திசையில் போனது. செயின்ட் லூயிஸ் நகரை ஒட்டிய ஃபெர்குசனில் பாப் சாண்ட்லர் நான்கு சக்கர இழுவை வண்டிகளுக்கான உதிரிபாகக் கடை நடத்தினார். அவருடைய 1974 ஃபோர்டு எஃப்-250 பிக்கப்தான் கடையின் நடமாடும் விளம்பரம். பெரிய டயர் மாட்டினார். ஆக்சில் உடைந்தது. ராணுவ லாரி ஆக்சிலைப் போட்டார். அது தாங்கியதால் இன்னும் பெரிய டயர். வண்டிக்கு பிக்ஃபுட் என்று பெயர். 1981இல் ஒரு வயலில் பழைய கார்கள் இரண்டின் மேல் அதை ஏற்றிப் பார்த்தார்கள். அந்த வீடியோவைப் பார்த்த ஒருவர், கூட்டத்தின் முன்னால் செய்ய முடியுமா என்று கேட்டார். மான்ஸ்டர் டிரக் என்ற கேளிக்கைத் தொழில் அப்படித்தான் பரவியது. சில ஆண்டுகளில் 66 இன்ச் டயர் வந்துவிட்டது. ஒரு மீட்டர் 68 சென்டிமீட்டர். பக்கத்தில் நின்றால் நம்மில் பலருக்குத் தலைக்கு மேலே.

இங்கே நிலத்துக்கு வேலையே இல்லை. மைதானம்தான் நிலம், கூட்டம்தான் பொழுது. நம் ஊர்ச் சொல்லில் சொன்னால் கெத்து. அதில் தவறொன்றும் இல்லை. தேரும் உயரமாகத்தான் இருக்கிறது. ‘எத்தனை இன்ச்’ என்ற கேள்விக்கு மவுசு கூடியதில் இந்த மைதானங்களுக்குப் பெரிய பங்கு உண்டு என்று நினைக்கிறேன். கேலரியின் கடைசி வரிசையிலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியும் ஒரே அளவு உயரம்தான்.

எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் இதற்குப் பிறகு வருகிறது. அந்த ராட்சத வண்டிகள் கனமான சட்டமும் கட்டை போன்ற லீஃப் ஸ்பிரிங்கும் கொண்டவை. குதித்து இறங்கினால் அடி முழுக்க ஓட்டுநரின் முதுகில். பந்தயம் சூடுபிடித்ததும் அது செல்லுபடியாகவில்லை. 1989இல் சாண்ட்லரின் குழு கணினி உதவியோடு வடிவமைத்துக் கட்டிய பிக்ஃபுட் 8இல் குழாய்ச் சட்டம், நைட்ரஜன் நிரப்பிய ஷாக்குகள், நீண்ட வீச்சு. உயரத்துக்கே பேர்போன வண்டியும் கடைசியில் பாஹாவின் பாடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது.

ஆஸ்திரேலியா: பாரம்

1955க்கும் 1958க்கும் இடையில் லென் பீடெல் என்ற நில அளவையாளரின் சிறிய குழு, ஆஸ்திரேலியாவின் நடுவே கன்பேரல் நெடுஞ்சாலை என்ற மண்பாதையை வெட்டியது. வூமெரா ஏவுகணைச் சோதனைக்காக அவர் போட்ட பல பாதைகளில் ஒன்று. இதுபோன்ற பாதைகளில் பெரிய பாறைகளைவிட மோசமான எதிரி ஒன்று உண்டு. சக்கரங்கள் துள்ளித் துள்ளி மண்ணில் உருவாக்கும் சின்னச் சின்ன அலைவரிகள். துணி துவைக்கும் பலகை மாதிரி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர்.

அதில் ஷாக் அப்சார்பர் ஓய்வில்லாமல் வேலை செய்கிறது. சக்கரத்தின் அசைவை வெப்பமாக மாற்றுவதுதான் அதன் வேலை. மணிக்கணக்கில் செய்தால் உள்ளே எண்ணெய் கொதித்து நுரைக்கும். நுரைத்த எண்ணெய்க்குப் பிடிமானம் கிடையாது. அங்கே பயணம் போகிறவர் தண்ணீர், டீசல், இரண்டு ஸ்டெப்னி, கூடாரம், முன்னால் கங்காரு தடுப்புக் கம்பி, வின்ச் என்று வீட்டையே சுமந்துகொண்டு போகிறார். தொழிற்சாலை ஸ்பிரிங் காலி வண்டிக்கும் மிதமான சுமைக்கும் நடுவில் சமரசம் செய்தது. இவ்வளவு பாரத்தில் அது உட்கார்ந்துவிடும்.

ஆகவே அங்கே வளர்ந்த சஸ்பென்ஷன் தொழில் முதலில் கேட்பது எடையை. 1975இல் மெல்போர்னில் தொடங்கிய ஏஆர்பி நிறுவனத்தின் ஓல்ட் மேன் ஈமு வகையில் ஒரே வண்டிக்குப் பல ஸ்பிரிங்குகள் இருக்கும். முன்னால் கம்பி உண்டா, வின்ச் உண்டா, பின்னால் நிரந்தரமாக எத்தனை கிலோ? இந்தப் பதில்களைப் பொறுத்து ஸ்பிரிங் மாறும். உயரம் பொதுவாக 40, 50 மில்லிமீட்டர்தான். ஆறு இன்ச் கனவோடு வருகிறவருக்கு இது சப்பென்று இருக்கும். ஆனால் காலி வண்டிக்கு 300 கிலோ ஸ்பிரிங் மாட்டினால் உயரமும் கிடைக்கும், மாட்டுவண்டிச் சவாரியும் கிடைக்கும். தரையைத் தொட வேண்டிய சக்கரம் காற்றில் துள்ளும்.

ஐஸ்லாந்து: காற்று

கடைசி நிலம் பனி. ஐஸ்லாந்தின் வாட்னயோகுட்ல் பனிப்பாறை ஏறத்தாழ 8,000 சதுர கிலோமீட்டர். அதன் மேல் வண்டி ஓட்ட விரும்பியவர்களுக்குப் பள்ளமோ பாறையோ தலையாய பிரச்சினை இல்லை. மூழ்காமல் இருப்பதுதான் பிரச்சினை.

அவர்களுடைய விடை டயரின் காற்றை இறக்குவது. கணக்கு எளிமையானது. 2,400 கிலோ வண்டி என்றால் ஒரு சக்கரத்தின் மேல் 600 கிலோ. டயரில் 30 பிஎஸ்ஐ காற்று இருந்தால் தரையைத் தொடும் பரப்பு சுமாராக 285 சதுர சென்டிமீட்டர். 3 பிஎஸ்ஐ என்றால் அதைப்போல பத்து மடங்கு. ஒற்றைக்காலில் நிற்கும் 70 கிலோ மனிதர் தரையில் தரும் அழுத்தத்தைவிட அந்த வண்டி தரும் அழுத்தம் குறைவு. நாம் நடந்தால் கால் புதைகிற பனியில் இரண்டரை டன் வண்டி மிதந்து போகும்.

அவ்வளவு காற்றை இறக்கினாலும் தாங்க, 38 இன்ச், 44 இன்ச் டயர்கள் தேவைப்பட்டன. அவற்றை மாட்ட ஐஸ்லாந்துக்காரர்கள் ரம்பத்தை எடுத்தார்கள். மட்கார்டுகளை வெட்டி அகலப்படுத்தி, டயருக்குப் பக்கவாட்டில் இடம் செய்தார்கள். எவ்வளவு வெட்ட முடியுமோ அவ்வளவுக்குத் தூக்க வேண்டியது குறையும். பனிச்சரிவில் குறுக்காகப் போகும்போது வண்டி கவிழாமல் இருப்பதற்கு அது அவசியம். டொயோட்டாவின் ஐஸ்லாந்துக் கிளையில் 1990இல் தொடங்கிய ஆர்க்டிக் டிரக்ஸ் இதைத் தொழிலாக்கியது. 2007இல் டாப் கியர் நிகழ்ச்சி வட காந்த முனை நோக்கிப் போன ஹைலக்ஸ்கள் அவர்கள் கைவேலைதான். படத்தைப் பார்த்தவர்களின் நினைவில் நின்றது பெரிய டயர். வண்டியைக் கொண்டுசேர்த்தது அதற்குள் இல்லாத காற்று.

ஒவ்வொரு இன்ச்சும் கடன்

இந்த நான்கு பதில்களும் இன்று ஒரே கடையில், ஒரே அலமாரியில் இருக்கின்றன. எந்த நிலத்துக்கு எழுதியவை என்பது பெட்டியில் இருக்காது. இன்ச் மட்டும் இருக்கும்.

டொயோட்டா ஹைலக்ஸில் நான்கு சக்கர இழுவை 1979இல் வந்தபோது முன்னாலும் முழு ஆக்சில்தான். அமெரிக்காவில் 1986 மாடலிலிருந்து முன்சக்கரங்கள் தனித்தனியாக அசையும் அமைப்புக்கு மாறியது. இன்றைய பெரும்பாலான பிக்கப்புகளில் அந்த அமைப்புதான். அதில் வண்டியைத் தூக்கினால் சக்கரத்தைச் சுழற்றும் தண்டுகள் கீழ்நோக்கிச் சாய்கின்றன. அவற்றின் முனையிலுள்ள சிவி ஜாயிண்ட் குறிப்பிட்ட கோணம் வரைதான் சுகமாகச் சுழலும். இரண்டு இன்ச் வரை பொதுவாகச் சமாளிக்கலாம். மேல் கை மாற்றி, அலைன்மெண்ட் பார்க்க வேண்டியிருக்கும். நாலு, ஆறு என்று போனால் முன் டிஃபரன்ஷியலையும் கீழ்க் கைகளையும் தாங்கிகள் போட்டுக் கீழே இறக்க வேண்டும். அதாவது உடலைத் தூக்கிவிட்டு, அதன் அடிப்பாகத்தை மறுபடி தரைப்பக்கம் கொண்டுவருவது!

ஸ்பிரிங்குக்கு மேலே ஒரு வட்டை மட்டும் வைக்கும் மலிவான கிட் உயரத்தைத் தரும். வீச்சை ஒரு இன்ச்கூடக் கூட்டாது. இருக்கும் வீச்சில் கீழே இறங்குவதற்கான பங்கை அது தின்றுவிடுகிறது. பள்ளம் வந்தால் சக்கரம் சீக்கிரமே அந்தரத்தில் தொங்கும்.

கவிழ்வதற்கும் ஒரு கணக்கு உண்டு. இரு சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தில் பாதியை, எடைமையத்தின் உயரத்தால் வகுக்க வேண்டும். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறையின் தர மதிப்பீட்டில் இந்த எண்ணுக்கு இடமுண்டு. உதாரணத்துக்கு அகலம் 154 சென்டிமீட்டர், எடைமையம் 70 சென்டிமீட்டர் உயரத்தில் என்றால் விடை 1.1. நாலு இன்ச் கிட் போட்டு எடைமையம் 78க்குப் போனால் 0.99. எண் சிறிது. ஆனால் திடீரென்று ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது, வழுக்கி நிற்க வேண்டிய வண்டி சாய்ந்து விழுவது இந்த இடைவெளியில்தான்.

கரோலினா: தோற்றம் மட்டும்

நிலத்தை விட்டுப் பிரிந்த உயரம் எங்கே போய் நிற்கும்? வட, தென் கரோலினா மாநிலங்களில் ஒரு மோஸ்தர் பரவியது. பிக்கப்பின் முன்பக்கத்தைத் தூக்கி, பின்பக்கத்தைத் தாழ்த்துவது. கரோலினா ஸ்குவாட் என்று பெயர். பாஹா டிரக்குகளின் மூக்கு உயர்ந்த தோற்றத்தின் நகல் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். வீச்சு வரவில்லை, வேகம் வரவில்லை, பாலைவனமும் வரவில்லை. மூக்கு மட்டும் வந்தது. இலக்கணம் திணை மயக்கத்தை அனுமதிக்கிறது. பௌதிகம் அவ்வளவு தாராளம் இல்லை. முகப்பு விளக்கு எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்கிறது. பானெட்டுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று ஓட்டுநருக்குத் தெரிவதில்லை. வட கரோலினா 2021இலும் தென் கரோலினா 2023இலும் சட்டம் போட்டுத் தடுத்தன.

அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 2023இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. பானெட்டின் முன்விளிம்பு 40 இன்ச்சுக்கு மேல் இருக்கும் வண்டிகள், 30 இன்ச்சோ அதற்குக் குறைவாகவோ சரிவான முகப்புடன் இருக்கும் வண்டிகளைவிட, மோதினால் பாதசாரியைக் கொல்லும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம். 40 இன்ச் என்பது ஒரு மீட்டரும் கொஞ்சமும். நான்கு வயதுக் குழந்தையின் உயரம். அதுவும் இது கிட் ஏதும் மாட்டாமல் தொழிற்சாலையிலிருந்து வரும் வண்டிகளின் கணக்கு. நாம் போடும் ஒவ்வொரு இன்ச்சும் அதற்கு மேலே. காடு மலையில் அந்த உயரத்தின் விலையைக் கொடுப்பவர் ஓட்டுநர். ஊருக்குள் கொடுப்பவர் நடந்து போகிறவர்.

ஹைலக்ஸ் 2022இல் இந்தியாவுக்கு வந்துவிட்டதால் நம்மவர்களும் இந்த அலமாரியின் முன்னால் நிற்கிறார்கள். இங்கே சட்டம் வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் தீர்ப்பளித்தது: தயாரிப்பாளர் குறித்த அசல் விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது. ஆஸ்திரேலியாவில் பல மாநிலங்கள் 50 மில்லிமீட்டர் வரை தனிச் சான்றிதழ் இல்லாமல் விடுகின்றன. இணையத்தில் கிட் பார்க்கும்போது அது எந்த நாட்டுச் சட்டத்துக்குள் விற்கப்படுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சரி, எதைத்தான் வாங்குவது? இன்ச்சைக் கடைசியில் கேட்கலாம். முதலில் வண்டியில் நிரந்தரமாக எத்தனை கிலோ ஏறும் என்று எடைமேடையில் நிறுத்திப் பார்ப்பது நல்லது. பிறகு எந்த டயர் உண்மையிலேயே தேவை, அது உரசாமல் திரும்ப எவ்வளவு இடம் வேண்டும் என்று அளக்கலாம். விற்பவரிடம் உயரத்தோடு வீச்சையும் கேட்கலாம். வீச்சு பற்றிப் பதில் வராத கிட்டைத் திருப்பி அலமாரியில் வைத்துவிடலாம். நாலு நிலங்களையும் சுற்றி வந்தால் கிடைக்கும் விடை பெரும்பாலும் இரண்டு இன்ச்சுக்குள் முடிந்துவிடுகிறது.

அதற்கும் முன்னால், ஐஸ்லாந்துக்காரர்கள் தினமும் செய்வதை ஒரு முறை செய்து பார்க்கலாம். மணலில் இறங்கும் முன் டயரின் காற்றைப் பாதியாகக் குறைத்து மெதுவாகப் போவது, தார்ச்சாலைக்குத் திரும்பும் முன் மறுபடி அடித்துக்கொள்வது. அதற்கு ஒரு காற்றுமானியும் ஒரு சின்ன கம்ப்ரஸரும் போதும். வண்டி ஒரு இன்ச்கூட உயராது. போக வேண்டிய இடத்துக்குப் பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிடும்.